சாம்பலில் ஆறாத மணி

மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போகும் பாதையில் ஒரு பந்தல். உள்ளே தெய்வநாயகச் சித்தர். வெளியே அரை மைல் வரிசை. நாகர்கோவில் கல்லூரியில் படித்தவர்களும் அதில் நின்றார்கள். படித்தவர்களுக்கு ஒழுங்காக வரிசையில் நிற்கத் தெரியும்.

சித்தர் விற்றது கண்பாசி. நீலக் கண்ணாடி மணி. மேலே வெள்ளை வளையம். நடுவே கறுப்புப் பொட்டு. குழந்தை கழுத்தில் கட்டினால் மூன்று நாளில் உடையும். உடைந்தால் யாருடைய கண்ணேறோ அதில் இறங்கிவிட்டது என்று பொருள். அடுத்த மணி வாங்க வேண்டும். மணி உடையாத வீட்டில் வருத்தம். நம் பிள்ளையை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லையே.

தாணம்மாளின் பிள்ளைக்கு மூன்று மணிகள் உடைந்தன. மூன்றாவது உடைந்தபோது பிள்ளை அவள் நாத்தனார் அழகியநாயகியின் மடியில் இருந்தது. அழகியநாயகிக்குப் பிள்ளை இல்லை. சித்தருக்கு இவ்வளவு போதும்.

"அவ கண்ணாக்கும். இனி பிள்ளைய அவ தொடப்பிடாது."

பிறந்த நாள் முதல் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியவள் அழகியநாயகி. இப்போது பந்தலுக்கு வெளியே தனியாக நின்றாள்.

அன்று சித்தருக்குப் புதுமணிகள் கொண்டுவந்த ஞானசெல்வி அவளிடம் விசாரித்தாள். விளக்குத் தீயை ஊதுகுழலால் ஊதி, கண்ணாடிக் கம்பியை உருக்கி, மண் பூசிய இரும்புக் கம்பியில் சுற்றி, பொட்டு வைத்து மணி செய்பவள் அவள். கேட்டதும் நேரே உள்ளே போனாள்.

"சாமி, மூடின செம்புக்குள்ள கண்ணு போவுமா?"

"எப்பிடி போவும்?" என்றார் சித்தர். கூட்டமும் அதைக் காதில் வாங்கியது.

"அப்போ ஒங்களுக்குக் கொண்டாந்த இந்த அஞ்சு மணியும் செம்புல கெடக்கட்டும்."

செம்பை மெழுகால் மூடித் தாணம்மாளிடம் கொடுத்தாள். வெளியே வந்து, தன் மடியில் இருந்த வேறு ஐந்து மணிகளை அழகியநாயகியின் கழுத்தில் கட்டினாள்.

"மூணு நாளும் இத நல்லா மொறச்சுப் பாருக்கா."

நாலாம் நாள் கொடைக்கூட்டம் முழுவதும் பந்தலில் இருந்தது. தாணம்மாள் மெழுகைப் பெயர்த்துச் செம்பைக் கவிழ்த்தாள். நான்கு மணிகள் துண்டு துண்டாக விழுந்தன. அழகியநாயகியின் கழுத்தில் ஐந்தும் முழுதாக இருந்தன.

"செம்புக்குக் கண்ணு பட்டிருக்கு" என்றார் சித்தர்.

"செம்பு கொஞ்சம் அழகுதான் சாமி" என்றாள் ஞானசெல்வி. "தீயில செஞ்ச மணிய சூட்டுச் சாம்பல்ல பொதிஞ்சு மெதுவா ஆறவிடணும். வெறுங்காத்துல ஆறினா தன்னால வெடிக்கும். சாம்பல் வேண்டாம், அப்பிடியே கொண்டான்னு நீங்கதான சொன்னிய. அவசரமாக்கும்னு நெனச்சேன். அக்கா கழுத்துல கெடக்கது சாம்பல்ல ஆறினது."

சித்தர் தம் பையைத் தேடினார்.

தாணம்மாள் நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை நீட்டினாள். "பிடிங்க மைனி. மூணு நாளா ஒங்களத் தேடி ஒரே அழுகை."

வரிசையில் முதலாவதாக நின்றவர் ஞானசெல்வியை ஓரமாக அழைத்தார்.

"அப்போ மக்கா, சாம்பல்ல ஆறின மணிக்குத்தான் சக்தி கூடுதலா?"

"வீட்டுக்குப் போயி கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "யோசிச்சா ஒண்ணும் ஒடஞ்சு போவாது."