பின்பக்க இடது ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் செட் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். அதில் ஒரு கூடத்தின் படம் இருக்கும். நல்ல சதுரமான கூடம். நடுவில் சோபா, அதில் ஒரு மனிதன், முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. அந்தப் படத்தை வரைந்தவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் கூடம் அவ்வளவு சதுரமாக இருந்திருக்காது.

திருமுல்லைவாயிலில் எங்கள் கூடம் முக்கோணம். எங்கள் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சித்தப்பாவும் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது, கதவு இருக்கும் பாதியை இருவரும் கேட்டார்கள், ஜன்னல் இருக்கும் பாதியையும் இருவரும் கேட்டார்கள். பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள் சலித்துப்போய், மூலைக்கு மூலை கயிறு பிடித்துக் குறுக்கே ஒரு சுவரை எழுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். பத்திரத்திலும் ஒரு வரி எழுதினார்கள்: பொதுச் சுவரை ஒருவர் தொடுவதென்றால் மற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். அதன் பிறகு ஒன்பது வருடம் இருவரும் பேசவில்லை. ஆகவே சுவரில் ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. (அந்த வயதில் எனக்கு இருந்த அறிவுக்கு ஆகாததே நல்லது.) ஒரு நாள், சுற்றிலும் சத்தம் வரும் 'சர்ரவுண்டு' ஐந்து ஸ்பீக்கர் செட் ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அதே வாரம்தான் சித்தப்பா, தன் மகள் விஷயமாக, எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"வெள்ளிக்கெழம வசந்திக்கு நிச்சயம்ணே. மூத்தவரு நீங்க இருக்கசொல்ல நான் தட்டு மாத்துனா நல்லாயிருக்காது. நீங்கதான் மாத்தணும்."

நைனா "சரிடா" என்று மட்டும் சொன்னார். பிறகு டெய்லரிடம் போய்ப் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தார். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு வேளை சோற்றுக்கும் நடுவில், "தட்டு நான்தான் மாத்தணுமாம்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. என் கவலை வேறு.

முன்னால் மூன்றும் ஒழுங்காக உட்கார்ந்தன. பின்பக்க வலது, ஷோகேஸ் மேல் ஏறிக்கொண்டது. பின்பக்க இடதுக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடம், கணக்குப்படி, சித்தப்பா வீட்டு பீரோவுக்கு மேலே வந்தது.

உதவிக்கு மண்ணூர்பேட்டையிலிருந்து செல்வம் வந்திருந்தான், எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"இன்னா மாமே, ஊடு கட்டிகீறீங்களா, சமோசா மட்சிகீறீங்களா?"

"அந்தச் செவுத்துலயே மாட்டிட்டா?"

"வாணாம் மாமே. பங்காளி செவுரு. நாலு ஸ்பீக்கரு போதும்னு உட்டுட்டு போயிகினே இரு."

அவன் பத்தாவது ஃபெயில், நான் ஐ.டி.ஐ. அவன் பேச்சை நான் கேட்பேனா? ஸ்பீக்கர் கனமான மரப்பெட்டி, சாதாரண ஆணி தாங்காது என்று லேத்தில் நானே ஒரு போல்ட் கடைந்தேன். ஆறு அங்குல நீளம். தலைமுடி கனத்துக்கு வித்தியாசம் வந்தாலும் பீஸைத் தூக்கிப் போடுகிற கை இது. சுவர் எத்தனை அங்குலம் என்று மட்டும் பார்க்கவில்லை. நாலரை.

வெள்ளிக்கிழமை காலையில் நைனாவும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். நைனாவின் புதுச் சட்டையில் மடிப்பு கலையவில்லை.

"நீயும் வாடா. தட்டு மாத்தசொல்ல நீ என் பக்கத்துல நிக்கணும்."

"நீங்க போங்க நைனா, தோ வந்துர்றேன்."

நிச்சயம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரை எங்கள் வீட்டுக்கும் காபிக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அவர்கள் உள்ளே நுழையும்போது ஐந்து பக்கமும் சத்தம் வந்து அசந்துபோக வேண்டும், அதுதான் என் திட்டம். கம்பெனியில் இரவல் வாங்கிய டிரில்லிங் மிஷினோடு காத்திருந்தேன். அந்தப் பக்கம் டேப்பில் நாதஸ்வரம் முழங்கியது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று, போல்ட்டின் ஆறு அங்குலமும் உள்ளே போகிற மாதிரி மிஷினை அழுத்தினேன். பத்திரிகை வாசிக்க வேண்டும் என்று அங்கே டேப்பை நிறுத்தியது, மிஷின் இரைச்சலில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் நடந்ததை இதுவரை நாற்பது பேராவது எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நைனா அவர் எதிரில் வெற்றிலை பாக்குத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். சுவர் உறுமியது. சம்பந்தியின் வழுக்கைத் தலைக்கு ஒரு சாண் மேலே கம்பி ஒன்று சுற்றிக்கொண்டே வெளியே வந்தது. காரையும் செங்கல் தூளும் அவர் தலையிலும் தட்டிலும் கொட்டின. சம்பந்தியம்மா எழுந்துவிட்டார்: "இன்னாங்க இது, நல்ல காரியத்துல செவுரு இடியுது!"

நான் மிஷினை உருவிவிட்டு, குனிந்து ஓட்டையில் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு கண் தெரிந்தது. சித்தப்பாவுடையது.

"சர்ரவுண்டு சித்தப்பா," என்றேன். (வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இருபத்தைந்து வருடமாக யோசிக்கிறேன். எதுவும் தோன்றவில்லை.)

கண் விலகியது. அடுத்து வந்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"ஒம்போது வருஷமா அந்தச் செவுத்துல நான் ஒரு ஆணி அடிக்கல. நீங்க நல்ல நேரமா பாத்து அடிச்சிட்டீங்களேண்ணே."

"அவன் புத்திகெட்டவன், எனக்குத் தெரியாமல் செய்துவிட்டான்" என்று நைனா சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவர், "நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார். அத்தனை பேர் நடுவில் என்னை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்பது என் கணக்கு. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வசந்தியின் தாய்மாமன் தட்டைத் துடைத்து மாற்றினார். நிச்சயம் நடந்தது. நைனா வீட்டுக்கு வந்து புதுச் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தார். கல்யாணப் பத்திரிகை, பக்கத்து வீட்டிலிருந்து, தபாலில் வந்தது.

ஓட்டையை அடைக்க முடியவில்லை. அடைக்க வேண்டுமானால் சுவரைத் தொட வேண்டும், தொட வேண்டுமானால் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். ஸ்பீக்கர் செட்டைச் செல்வத்திடமே கொடுத்துவிட்டேன். நைனா மட்டும் தன் நாற்காலியை அந்த மூலைக்கு இழுத்துப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். சித்தப்பாவின் இருமல், வசந்தி பிரசவத்துக்கு வந்திருந்தபோது குழந்தையின் அழுகை, எல்லாம் அவருக்குப் பின்பக்க இடதிலிருந்து கேட்டன. ஆறு வருடம் அப்படிக் கேட்டுவிட்டுச் செத்துப்போனார். கருமாதி முடிந்த மறுநாள் பார்த்தேன், ஓட்டை அந்தப் பக்கத்திலிருந்து சிமெண்ட் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. சித்தப்பா எங்களிடம் சொல்லவில்லை.

வசந்தியின் இரண்டாவது குழந்தைக்குக் காது குத்தினபோது என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தாய்மாமன் முறைக்குக் குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் வசந்தி உரக்கச் சொன்னாள்:

"ஆசாரி எதுக்கு? எங்கண்ணன் கைல குடுங்க. அந்தப் பக்கம் வர வரைக்கும் குத்துவாரு!"

பந்தலே சிரித்தது. இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் இதைச் சொல்லாமல் பந்தி போடுவதில்லை. நானும் சிரித்தேன். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. தாய்மாமனுக்கு உரிய தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.