திரிகால மணியும் உம்மாவின் நோன்பும்

மதத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறவர்கள் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போகவேண்டும். இதை எந்த ஞானியும் சொல்லிவைக்கவில்லை, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பசித்தவர் கண்ணுக்கு மெய்ப்பொருள் தெரியாது. பேரீச்சம்பழம்தான் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு நடந்த கதை இது. யாழ்ப்பாணத்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, சனம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சில மாதங்கள். எனக்கு இருபது வயது. குருநகரில் வீடு, அப்பாவுக்குக் கடற்தொழில். காலையில் பட்டினத்தில் ரைப்பிங் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிற உத்தியோகம். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் எனக்குப் பதில் தெரியாத கேள்வியே உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

ரைப்பிங் வகுப்பில் பக்கத்து மெஷின் நசீமாவுடையது. சோனகத் தெருப் பக்கம் வீடு. அதிகம் கதைக்காத பெண். ஒருநாள் ரிபனை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"யசிந்தா, நீங்கள் மூண்டு கடவுளையோ கும்பிடுறியள்?"

நக்கல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் விடுவேனா? வகுப்பு முடிந்து வெளியே வந்த பிறகும் திரித்துவத்தை விளக்கிக்கொண்டே நடந்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீ சொன்னதிலை எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உனக்கு விளங்கினதோ?"

அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அதன்பிறகு தினமும் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் வீட்டு ஒழுங்கை முடக்குவரை கதைத்துக்கொண்டே போவோம். நசீமா ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஒருத்தி சொன்னதை மற்றவள் முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். "ஓம், நான் சொன்னது உதுதான்" என்று முதலில் சொன்னவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுத்துப் பேசலாம். கேட்க லேசாக இருக்கும். செய்துபார்த்தால் தெரியும். நான் திருப்பிச் சொல்வதெல்லாம் அவள் சொன்னதாக இராது, அவள் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும் என்று நான் நினைத்ததாக இருக்கும். "இல்லை, திரும்பச் சொல்லு" என்பாள் பொறுமையாக. ஒருதரம்கூட அவள் குரல் உயர்ந்ததில்லை. ஈசா நபியைப் பற்றி அவள் பேசும்போது, எங்கள் கோயிலில் பாதிப் பேர் அந்தப் பெயரை அவ்வளவு மரியாதையாகச் சொல்வதில்லையே என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கதை இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கள் அம்மா, "கவனம், அவையள் உன்னை மாத்திப்போடுவினம்" என்றார். அங்கே நசீமாவின் தாய், "அந்த வேதக்காரப் பிள்ளை உன்னை மாத்தத்தான் சுத்துறாள்" என்றாராம். இரண்டு தாய்மாரும் சந்திக்காமலே ஒரே வசனத்தைச் சொன்னார்கள்.

ஒருநாள் நசீமா முகம் வாடி வந்தாள்.

"உம்மா உன்னைப் பாக்கவேணுமாம். நோன்பு திறக்க வீட்டை கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ. பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவாவாம். வேண்டாம் எண்டு சொன்னால் நாங்கள் இனிக் கதைக்கேலாது, யசிந்தா. வகுப்பையும் நிப்பாட்டிப்போடுவா."

ஒருத்தியின் படிப்பும் எங்கள் இருவரின் சிநேகிதமும் என் நடத்தையில் தொங்கிக்கொண்டிருந்தன. புத்தியுள்ளவள் என்றால் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போயிருப்பாள். நானோ உம்மாவை அசத்திவிட முடிவெடுத்தேன். அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பு மாதமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்திருந்தன. கூப்பிட்ட நாளோ வெள்ளிக்கிழமை. எங்களுக்கும் அன்று ஒருசந்தி, ஒரு நேரம்தான் சாப்பாடு. சுத்தபோசனமும்கூட, இறைச்சி தொடக்கூடாது. அது போதாதென்று, அவர்களைப் போலவே பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் இருந்து போவதென்று தீர்மானித்தேன். வேதக்காரருக்கும் நோன்பு தெரியும் என்று உம்மா அறியட்டும்!

அண்ணை மட்டும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பசி வந்தால் ஆள் மாறிப்போடுவாய். யோசிச்சுச் செய்" என்றார். யார் கேட்டது?

மத்தியான வெயிலில் கோயிலில் சிலுவைப்பாதை. பதினான்கு ஸ்தலத்துக்கும் முழந்தாளிட்டு எழும்பினேன். கடைசி ஸ்தலங்களில் முன்னாலிருந்த வாங்கைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன். பிறகு சைக்கிளை மிதித்து நசீமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கையே எனக்கு நெளிந்து நெளிந்து தெரிந்தது.

வாசலிலேயே நசீமா காதுக்குள் சொன்னாள். "உம்மாவுக்கு இடக்காது கேக்காது. வலக்காதும் அரைவாசிதான். வலப்பக்கம் இருந்து கதை."

ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். உள்ளே பாய் விரித்து, நடுவில் பேரீச்சம்பழமும் ஒரு கூசா நிறையச் சர்பத்தும் வைத்திருந்தது. உம்மா சின்ன உருவம். எங்கள் ஊரில் மீன் வாங்க வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை பார்த்தார்.

"என்ன மகள், முகம் வெளிறிக் கிடக்கு? சுகமில்லையோ?"

"நானும் இண்டைக்கு நோன்பு, உம்மா. தண்ணியும் குடிக்கேல்லை" என்றேன் பெருமையாக.

"சஹருக்கு என்ன சாப்பிட்டாய்?"

"சஹர் எண்டால்?"

உம்மா நசீமாவைப் பார்த்தார். நசீமா நிலத்தைப் பார்த்தாள். விடிவதற்கு முன் எழும்பி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் நோன்பு பிடிப்பது என்ற விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மாதக்கணக்கில் இஸ்லாத்தைப் பற்றி விவாதித்தவள் நான். ஒருதரமாவது இதைக் கேட்டிருக்கக் கூடாதா?

"அல்லாஹ் கேட்டதைவிடக் கூடவல்லோ குடுத்திருக்கிறாள்!" என்றார் உம்மா. அது பாராட்டில்லை என்று எனக்கும் விளங்கியது.

நசீமா கஞ்சி எடுத்துவரக் குசினிக்குப் போனாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்துவந்த பேச்சைத் தொடங்கினேன். "உம்மா, உண்மையைத் தேடுறது எண்டால்..."

அப்போதுதான் தூரத்தில் கோயில் மணி அடித்தது. அந்தி ஆறு மணித் திரிகால மணி.

இங்கே கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் வீட்டில் ஒருசந்தி நாட்களில் அந்த மணிதான் கணக்கு. மணி கேட்டதும் அம்மா திரிகாலச் செபம் சொல்வார், சிலுவை போடுவோம், உடனே சோற்றுக் கோப்பைக்குள் கை போகும். பேச்சுப் பழகிய காலத்திலிருந்து அப்படித்தான். அன்று என் மூளை எப்போதோ வேலை நிறுத்தம் செய்திருந்தது. மிச்சம் இருந்தது பழக்கம் மட்டும். மணி கேட்டது. கண்ணை மூடினேன். முணுமுணுத்தேன். சிலுவை போட்டேன். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாய்க்குள் போட்டேன்.

காது கேட்காத உம்மா, பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற பாங்கு சொல்லிவிட்டார்களா என்பதை வழக்கமாக நசீமாவின் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம். நசீமாவோ குசினியில். கண்ணுக்கு முன்னால் இருந்தவள் நான். கண்ணை மூடிப் பிரார்த்தித்து, பக்தியோடு பழத்தை எடுத்தவள். இந்தப் பிள்ளை ஒழுங்காகத் துஆக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுகிறாள் என்று அவர் சந்தேகமே படவில்லை. "பிஸ்மில்லாஹ்" என்று தானும் ஒரு பழத்தை உண்டு, சர்பத்தும் ஒரு மிடறு குடித்தார்.

கஞ்சியோடு வந்த நசீமா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"உம்மா! இன்னும் பாங்கு சொல்லேல்லை!"

உம்மாவின் தாடை நின்றது. என் தாடையும் நின்றது. பழக்கொட்டை நாக்கில் கிடக்கிறது. விழுங்குவதா, துப்புவதா? எழும்பி ஓடிவிடலாம் என்று எழும்பினேன். கால் கூசாவில் தட்டியது. சர்பத் முழுவதும் பாயில் ஓடி உம்மாவின் சேலையில் போய் முடிந்தது. பாங்குக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

நான் அழத் தொடங்கினேன். நோன்பு முறிந்தால் என்ன ஆகும், பாவமா, தண்டனையா, ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் நசீமாவின் வகுப்பும் எங்கள் கதையும் அந்தப் பாயில் ஓடிப்போய்விட்டன என்பதுதான்.

"அழாதை. தெரியாமல் நடந்தது. பெருநாள் போன பிறகு நான் இதுக்கு ஈடாய் ஒரு நாள் கழாப் பிடிச்சுக்குடுத்தால் சரி" என்றார் உம்மா, சேலையைப் பிழிந்துகொண்டே. பிறகு வலக்காதை என் பக்கம் திருப்பினார். "அது கிடக்கட்டும். நீ என்னத்தை முணுமுணுத்தனி? அதைச் சொல்லு."

விக்கி விக்கிச் சொன்னேன். "வானத்திலையிருந்து சம்மனசு வந்து மரியாளுக்கு விசேஷம் சொன்னதைத்தான், உம்மா. பிள்ளை பிறக்கப்போகுது எண்டு."

"ஜிப்ரீல் மர்யமிட்டை வந்ததோ? அது எங்கடை குர்ஆனிலையும் இருக்கே! அவவின்ரை பேரிலை ஒரு சூராவே இருக்கு." உம்மா நகர்ந்து கிட்ட வந்தார். "பிறகு?"

"பிறகு, வார்த்தை மாமிசமாகி எங்களோடை குடியிருந்தது எண்டு சொல்லுவம். கடவுளின்ரை மகன் மனுசனாய்ப் பிறந்தார் எண்டு."

உம்மா நசீமாவின் சட்டத்தை எங்கே படித்தாரோ தெரியாது, நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். "அல்லாஹ்வின்ரை மகன் மனுசனாய்ப் பிறந்தார் எண்டு நீங்கள் நம்புறியள். சரியோ?"

"ஓம், உம்மா."

"அதிலை எங்களுக்கு ஒப்புதல் இல்லை, மகள். அல்லாஹ் ஆரையும் பெறவுமில்லை, ஆரும் அவனைப் பெறவுமில்லை. ஈசா பெரிய நபி. மகன் இல்லை."

"நீங்கள் அல்லாஹ் ஒருத்தன், அவனுக்குப் பிள்ளை இல்லை எண்டு சொல்லுறியள். ஆனால் எனக்கு அதுதான் எல்லாம், உம்மா. அதை விட்டிட்டு நான் வேதக்காரியாய் இருக்கேலாது."

"உன்னை ஆர் விடச் சொன்னது?" என்றார் உம்மா. "பிள்ளை எங்கை பிறந்தது, அதைச் சொல்லு."

"மாட்டுத் தொழுவத்திலை."

"எங்களிலை ஈச்சமரத்தடி. தனிய, நோவோடை, செத்திருக்கலாமே எண்டு அழுதவ. மரத்தை உலுக்கச் சொல்லி, பழம் விழுந்து, அதைத்தான் சாப்பிட்டவ." உம்மா பேரீச்சம்பழத் தட்டைக் காட்டினார். "உங்கடை கதையிலை அவ என்ன சாப்பிட்டவ?"

யோசித்தேன். இடையர் வந்தார்கள், இராசாக்கள் வந்தார்கள், பொன்னும் தூபமும் வந்தன. சாப்பாடு?

"ஒண்டும் சொல்லேல்லை, உம்மா."

"ஐயோ, பாவம்! பிள்ளை பெத்தவளுக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்லையோ?"

இரண்டாயிரம் வருடம் முந்திய ஒரு பிள்ளைப்பேற்றுக்காக அந்தப் பெண்ணின் கண் உண்மையாகவே கலங்கியது. பிறந்ததிலிருந்து நாளுக்கு மூன்றுதரம் மரியாளைக் கூப்பிடுகிறவள் நான். அவளுக்குப் பசித்திருக்குமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நான் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுக்க வந்த வீட்டில், எங்கள் மாதாவை என்னைவிட நெருக்கமாகத் தெரிந்த ஒருத்தி இருந்தார். எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போயிற்று.

பாங்கு கேட்டது. நசீமா இரண்டு பானையிலிருந்து கஞ்சி வார்த்தாள். ஏன் இரண்டு பானை என்று கேட்டேன்.

"இதிலை இறைச்சி. உன்ரையிலை இல்லை. தவக்காலத்து வெள்ளி உங்களுக்கு இறைச்சி ஆகாதாமே. விசாரிச்சனான்" என்றாள்.

எனக்குச் சஹர் தெரியாது. அவளுக்குச் சுத்தபோசனம் தெரிந்திருந்தது. அந்தக் கஞ்சியை நான் கண்ணீரும் உப்பும் கலந்துதான் குடித்தேன்.

புறப்படும்போது உம்மா தீர்ப்புச் சொன்னார். மகளிடம்தான் சொன்னார், ஆனால் காது கேட்காதவர்களின் இரகசியம் ஒழுங்கை முழுவதும் கேட்கும்.

"இவளோ உன்னை மாத்தப்போறாள்? மணிக்கும் பாங்குக்கும் வித்தியாசம் தெரியாதவள்! ஒரு பயமும் இல்லை. நாளைக்கும் வரட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா நெஞ்சில் கைவைத்தார். அண்ணை சிரித்துச் சிரித்து, முற்றத்தில் கிடந்த வலைக்குள் விழுந்தார். "குருநகரிலையிருந்து ஒரு படையெடுப்பு நடந்தது. விழுந்தது ஒரே ஒரு நோன்பு!"

பெருநாள் கழிந்து உம்மா கழாப் பிடித்த நாளில் நானும் அவரோடு சேர்ந்து பிடித்தேன், இந்தமுறை சஹர் சாப்பிட்டு. அன்று என்னை இடப்பக்கம் இருத்தி, கடைசிவரை என் பக்கம் திரும்பாமல் நசீமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் சொன்னார்கள், எங்கள் மொழியிலேயே சொன்னார்கள். நாங்கள் ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. அதை எழுதும்போது எனக்குப் பகிடி வராது. வெட்கம்தான் வருகிறது.

பல வருடம் கழித்து, அவர்கள் அகதிகளாய்ப் போய்க் குடியேறியிருந்த புத்தளத்துக்குத் தேடிப் போனேன். நோன்பு மாதம். அந்த வீட்டில் பாங்குக்கு முன் யாராவது பழத்தட்டைப் பார்த்தால், "யசிந்தாவுக்கு மணி அடிச்சிட்டுது" என்பார்களாம். அங்கே வந்த மருமக்கள், பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. இப்படி ஒரு ஆள் உண்மையில் இருப்பதைத்தான் அவர்கள் நம்பியிருக்கவில்லை.

உம்மாவுக்கு அப்போது இரண்டு காதும் கேட்காது. என்னைக் கண்டதும் பாயில் தனக்குப் பக்கத்தில் இழுத்து இருத்தினார். என் வலக்கை மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடே சிரித்தது. உம்மாவும் சிரித்தார், பிறகு அழுதார், நானும் அழுதேன். பாங்கு சொல்லி, நசீமா தலையாட்டிக் காட்டிய பிறகும் அவர் என் கையை விடவில்லை. கடைசியில் அவரே ஒரு பழத்தை எடுத்து என் வாயில் வைத்தார்.