தொப்பி மாட்டும் கொக்கி

"எழுந்திரும்மா."

"எழுந்திருக்கத்தான்டா பாக்குறேன். நாற்காலியும் கூடவே எழுந்திருக்குது."

நிகானோர் அபாசா சுற்றுமுற்றும் பார்த்தார். நல்லவேளை, ஆயிரம் நாற்காலிகள் போட்ட அந்தப் புத்தம் புதிய இசையரங்கில் அவரையும் அவருடைய அம்மா சாந்துசாவையும் தவிர வேறு ஒருவரும் இல்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்து நாள். ஊரே வந்து உட்காருவதற்கு முன்னால் அம்மாவை முதல் வரிசையில் உட்காரவைத்து அழகு பார்க்கலாம் என்று கூட்டிவந்திருந்தார். அம்மாவும் சும்மா வரவில்லை. வட்டத் தொப்பி, குஞ்சம் வைத்த சால்வை, பச்சைப் பட்டுப் பாவாடை, அதற்கு உள்ளே ஐந்து உள்பாவாடைகள். மலையுச்சியில் இருக்கும் சான் இலாரியோ நகரத்தில் ஒரு பெண்மணி விசேஷத்துக்குக் கிளம்பினால் அதற்குக் குறைந்து உடுத்த மாட்டாள்.

அந்த ஆறு பாவாடைகளும் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே இறங்கிவிட்டன. ஏற மறுத்தன.

"கையப் புடிச்சு இழு."

"இழுக்கிறேன்மா."

"மெதுவாடா! பட்டு!"

சொல்லி முடிப்பதற்குள் 'டர்ர்' என்று ஒரு சத்தம். அரங்கம் ஒலியமைப்புக்குப் பேர்போன இஞ்சினியர் கட்டியது. கடைசி வரிசைவரை போய்த் துல்லியமாகத் திரும்பி வந்தது அந்த 'டர்ர்'.

அம்மா கிழிசலைச் சால்வையால் மறைத்துக்கொண்டு நின்றாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"இந்த நாற்காலிக்கு அளவு குடுத்தது யாருடா?"

நிகானோரின் காது மடல் சிவந்தது. அளவு கொடுத்தவர் அவர்தான்.

அரங்கம் நிற்கும் இடம் முப்பது வருஷமாக உருளைக்கிழங்குச் சந்தை நடந்த மைதானம். சந்தைப் பெண்கள் சங்கம் அதை நகராட்சிக்கு விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு நிபந்தனையில்தான்: திறப்பு விழாவில் முதல் நான்கு வரிசை அவர்களுக்கு. அன்றைய கூட்டத்தில் அரங்கக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நிகானோர் மேசைமேல் தட்டிச் சொன்னார்: "இந்த மண்ணுல உக்காந்து யாவாரம் பண்ணின அம்மாமாருங்க ஒவ்வொருத்தரும் பாவாடைய விரிச்சுப் போட்டு உக்கார்ற மாதிரி நாற்காலி வாங்கலேன்னா என் பேரு நிகானோர் இல்ல!" கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. வீட்டுக்குப் போய் அம்மாவை முழு உடுப்பில் பெஞ்சில் உட்காரவைத்து அளவும் எடுத்தார். அறுபத்தைந்து சென்டிமீட்டர்.

எல்லாம் சரி. ஆனால் ஆர்டர் படிவத்தில் அவர் எழுதிக் கையெழுத்திட்ட நாள் கார்னிவலுக்கு மறுநாள், புதன்கிழமை. கார்னிவல் செவ்வாயன்று வீடு, கடை, லாரி, தையல் மெஷின் என்று சொந்தமாக இருக்கும் எல்லாவற்றுக்கும் பீர் தெளித்துப் பூமித்தாயைக் கும்பிடுவது அந்த ஊர் வழக்கம். பூமிக்குப் பாதி, கும்பிடுகிறவருக்குப் பாதி. நிகானோருக்கு அன்று பதினோரு வீடுகளிலிருந்து அழைப்பு. மறுநாள் காலை அந்தப் படிவத்தில் அவருடைய சொந்தப் பெயரே மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது.

அறுபத்தைந்து என்று எழுதினாரா, நாற்பத்தைந்து என்று எழுதினாரா? நாற்காலிகள் வந்து இறங்கியபோதே அவருக்குச் சந்தேகம். அடர்சிவப்பு கேட்ட ஞாபகம். வந்தது பளீரென்ற ஆரஞ்சு. 'நிறத்தையும் நான்தான் மாத்தி எழுதியிருக்கேன்' என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு பெரிய இரும்புக் கொக்கி வேறு. பார்வையிட வந்த மேயர், முழங்கால் மோவாயைத் தொடும்படி உட்கார்ந்துகொண்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"தொப்பி மாட்டுறதுக்கு" என்று சட்டென்று சொல்லிவைத்தார் நிகானோர்.

மேயர் அசந்துபோனார். "நம்ம பெண்களோட தொப்பியக்கூட யோசிச்சிருக்கீங்களே, செயலாளரே!" மறுநாள் பத்திரிகையில் கொக்கியின் படமும் நிகானோரின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போய் ஆர்டர் கோப்பை எடுத்தார். திறந்தால் உள்ளே அவர் கையெழுத்தில் நாற்பத்தைந்து இருக்கும். அதைக் கண்ணால் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. கோப்பைக் கோட்டுக்குள் செருகிக் கொண்டுவந்து வீட்டில் உலர்கிழங்கு மூட்டையின் அடியில் புதைத்தார்.

மறுநாள் காலை அரங்க வாசலில் ஒரு குரல். "செயலாளர் ஐயா! நாற்காலி விஷயமா ஒரு நிமிஷம்..."

மேட்டுத்தெருவில் புதிதாகக் கட்டிய தொடக்கப்பள்ளியின் காவல்காரர் செவேரோ. கையில் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

நிகானோருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் பள்ளிக்கூடம்வரை பரவிவிட்டதா? "மீட்டிங் இருக்கு!" என்று கத்திவிட்டுப் பின்வாசல் வழியாக ஓட்டமெடுத்தார்.

ஓடிய ஓட்டம் தச்சர் லீனோவின் பட்டறையில் போய் நின்றது.

"ஒண்ணு விட்டு ஒரு கைப்பிடிய அறுத்துடுவோம்" என்றார் லீனோ. "ரெண்டு நாற்காலிக்கு ஒரு அம்மா. தாராளமா இருக்கும்."

"ஆடாதே?"

"நான் அறுத்து எது ஆடியிருக்கு?"

மதியத்துக்குள் நான்கு வரிசையிலும் பாதிக் கைப்பிடிகள் போயின. வரிசையை இறுக்கிப் பிடித்திருந்ததே அந்தக் கைப்பிடிகள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நிகானோர் ஒரு முனையில் உட்கார்ந்தார். மறுமுனையில் உட்கார்ந்திருந்த லீனோ மெல்ல மேலே போனார்.

"ஏரியில படகுல போற மாதிரி இருக்கு" என்றார் மேலேயிருந்து.

"இறங்கித் தொலைய்யா!"

"நீங்க எழுந்திரிச்சாத்தானே நான் இறங்க முடியும்."

இனி ஒரே வழிதான். நாற்காலியை அகலமாக்க முடியாவிட்டால் பாவாடையைக் குறைக்கவேண்டும். புதன்கிழமை சந்தையில் ஊரே மரியாதையாக 'டோன்யா' என்று அழைக்கும் சங்கத் தலைவி பாசிலியாவின் வெங்காயக் கடைமுன் போய் நின்றார். அந்த அம்மாள் வெங்காய மலைக்கு நடுவே, ஏழு அடுக்குப் பாவாடை நாலு பக்கமும் பரவ, கோவில் மணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க செயலாளரே. எங்க வரிசையெல்லாம் தயாரா?"

"தயார், தயார். அதான் டோன்யா... சனிக்கிழம உள்ள கொஞ்சம் புழுக்கமா இருக்கும்போல."

"நாலாயிரம் மீட்டர் உயரத்துல புழுக்கமா?"

"விளக்குச் சூடு... அதனால அம்மாமாருங்க வரும்போது, உள்பாவாடை... ஒரு நாலு குறைச்சு..."

பேரம் பேசிக்கொண்டிருந்த சந்தை அப்படியே நின்றது. பக்கத்துக் கடைக்காரி வாயிலிருந்த சோளத்தை மெல்ல மறந்தாள்.

"தம்பி" என்றாள் பாசிலியா. செயலாளர் தம்பியாகிவிட்டார். "எனக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆகுது. என் பாவாடைய எண்ணிப் பாக்க என் வீட்டுக்காரருக்கே தைரியம் வந்ததில்ல."

"நான் அந்த அர்த்தத்துல..."

"உன் அம்மா பாவாடைய எண்ணினியா?"

எண்ணியிருந்தார். அளந்தும் இருந்தார்.

இரண்டு நிமிஷத்தில் சந்தை ஒலிபெருக்கி அலறியது. "சங்கத்துப் பெண்கள் கவனத்துக்கு! நம்ம பாவாடை ஜாஸ்தியா இருக்குதாம். நகராட்சி கணக்கெடுக்குது. அதனால சனிக்கிழம ஒவ்வொருத்தரும் வழக்கத்தவிட ரெண்டு பாவாடை கூடுதலா உடுத்திட்டு வரணும். இல்லாதவங்க கடன் வாங்கி உடுத்தணும்!"

சந்தை முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒருத்தி, "அளவெடுக்க இவரே வீடு வீடா வருவாரா, கேட்டுச் சொல்லுங்கடி!" என்றாள். கூனிக் குறுகி வெளியே நழுவிய நிகானோர் எதிரே காவல்காரர் செவேரோவைக் கண்டார். அதே காகிதம்.

"ஐயா, அந்த நாற்காலி..."

நிகானோர் முட்டை அட்டைகளின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். செவேரோ கடந்துபோகும்வரை மூச்சுவிடவில்லை. எழுந்தபோது இரண்டு டஜன் முட்டைக்கு அவர் பொறுப்பாகியிருந்தார்.

வீட்டில் அம்மா சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஒலிபெருக்கி அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"உன்னப் படிக்க வைக்க அந்த மைதானத்துல பதினெட்டு வருஷம் மழையிலயும் பனியிலயும் உக்காந்தேன்" என்றாள். "அங்க யாரும் என்னப் பாத்து, உன் பாவாடைக்கு எடம் இல்லைன்னு சொன்னதில்ல."

சூப்பில் உலர்கிழங்கு மிதந்தது. நிகானோர் அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினார்.

வெள்ளிக்கிழமை கடைசி முயற்சியாக நான்கு வரிசையையும் கழற்றிக் குட்டையாக அறுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து அடிக்கலாம் என்றார் லீனோ. கழற்றினார்கள். அறுத்தார்கள். சேர்த்து அடிப்பதற்குள் மரம் பிளந்து, பாக்கி இருந்தது ஆரஞ்சு நிற விறகும் ஒரு கூடை கொக்கிகளும்தான். சனிக்கிழமை மதியம் முதல் நான்கு வரிசை இருந்த இடத்தில் வெறும் தரை பளபளத்தது.

"இது என்ன, டான்ஸ் ஆடவா?" என்றார் மேயர்.

நிகானோர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. இருநூறு பெண்கள் உள்ளே வந்தார்கள். கூடுதல் பாவாடைகளோடு, நடைபாதையின் இரண்டு சுவரையும் உரசிக்கொண்டு, கப்பல்கள் துறைமுகத்துக்குள் வருகிற மாதிரி வந்தார்கள். முன்னால் பாசிலியா. அவள் பக்கத்தில் தைத்த பச்சைப் பட்டில் சாந்துசா. வெறும் தரையைக் கண்டதும் எல்லாக் கப்பலும் நின்றன.

பின்வரிசைகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. மேடையில் வாத்தியக்காரர்கள் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். நிகானோர் மேடையேறினார். மைக் தேவைப்படவில்லை. அந்த அரங்கத்தில் எச்சில் விழுங்கினாலே கேட்டது.

"மேயர் மேல தப்பில்ல. கம்பெனி மேலயும் தப்பில்ல. அறுபத்தஞ்சுன்னு எழுதவேண்டியத நாற்பத்தஞ்சுன்னு எழுதினது நான். கார்னிவலுக்கு மறுநாள் எழுதினேன். அத மறைக்கக் கைப்பிடிய அறுத்தேன், நாற்காலிய அறுத்தேன், உங்கள வந்து பாவாடையக் குறைக்கச் சொன்னேன். அந்தக் கொக்கிகூடத் தொப்பிக்கு இல்ல. எதுக்குன்னு எனக்கே தெரியாது. என் அம்மாவாலயே என் நாற்காலியில உக்கார முடியல."

பிறகு பாசிலியா முதுகிலிருந்த வண்ணத் துணி மூட்டையை அவிழ்த்தாள். தரையில் உதறி விரித்தாள். நடுவில் உட்கார்ந்தாள். அவளுடைய ஒன்பது பாவாடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மலர்ந்து படிந்தன.

"முப்பது வருஷமா இதே எடத்துல தரையிலதான் உக்காந்தோம். தரை யாரையும் புடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னு சொல்லாது" என்றாள். "நிக்காதீங்கடி, உக்காருங்க. தம்பி, நீ இறங்கு. அவங்க வாசிக்கட்டும்."

இருநூறு துணிகள் விரிந்தன. வெறும் தரை ஒரு நொடியில் சந்தை நாள்போல நிறைந்துவிட்டது. பின்வரிசைக்காரர்கள், 'எங்களுக்கும் அங்கே இடம் கிடைக்குமா' என்று எட்டிப் பார்த்தார்கள். வாத்தியங்கள் தொடங்கின. சாந்துசா தலையை ஆட்டி ரசித்தாள். ஆனால் மகன் நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை.

நிகானோர் கதவோரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தோளை ஒரு கை தொட்டது. செவேரோ. பின்னால் சுவர், முன்னால் செவேரோ. ஓட இடமில்லை.

"திட்டணும்னா திட்டிடுங்க" என்றார் நிகானோர். "ஊரே திட்டப்போகுது."

"நான் எதுக்குய்யா திட்டறேன்? அஞ்சு நாளா இந்த ஒரு காகிதத்தக் குடுக்கத்தான் அலையிறேன்."

நிகானோர் வாங்கிப் பார்த்தார். துறைமுகத்திலிருந்து வந்த சரக்குச் சீட்டு, அதிலேயே அவருடைய ஆர்டர் படிவத்தின் நகல். அடர்சிவப்பு, ஆயிரம் எண்ணிக்கை, அகலம் அறுபத்தைந்து சென்டிமீட்டர். கீழே அவருடைய கையெழுத்து, மூன்றாவது தடவை ஒழுங்காக வந்தது.

செவேரோ இசைக்கு இடைஞ்சல் இல்லாமல் அவர் காதருகே குனிந்தார்.

"லாரி ரெண்டும் எடம் மாறி வந்துடுச்சுய்யா. உங்க நாற்காலியில எங்க பிள்ளைங்க மூணு மூணு பேரா உக்காந்து ஆட்டம் போடுதுங்க. எங்க பிள்ளைங்களோட குட்டி நாற்காலிய எப்பய்யா திருப்பித் தருவீங்க? முக்கியமா அந்தப் புத்தகப்பை மாட்டுற கொக்கி ஒண்ணும் உடையாம இருக்குல்ல?"