ஒற்றைக் கட்டிலும் ஓர் அக்கறைக்காரரும்

அந்த மரச்சாமான் கடையின் வலைத்தளத்தில் ஒரு நாற்காலியைப் பார்த்தால் போதும், பத்து நிமிஷத்தில் முதலாளியே போனில் கூப்பிடுகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு. விசாரித்துப் பார்த்ததில் இது சுத்தப் பொய். நாலு நிமிஷம்தான் ஆகிறது.

முதலாளி, அக்கறைக்காரர் என்னும் இனம். உங்களுக்கும் தெரிந்தவர்தான், பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் உள்ளே என்ன என்று கேட்பாரே, அவர். வலைத்தளம் வருமுன் அவர் பாடு பெரும்பாடு. கடை வாசலில் நின்று, வருகிறவரை வழிமறித்து, மகனுக்கு என்ன சம்பளம், மருமகள் எந்தப் பக்கம், வாடகை வீடா சொந்தமா என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும். இப்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான். வருகிறவர்கள் படிக்காமலே அமுக்குகிறார்கள். யார், எந்தப் பக்கத்தில், எத்தனை நிமிஷம் நின்றார், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார், எல்லாம் காலைக் காபியோடு அவர் மேஜைக்கு வந்துவிடுகிறது. இதை வைத்து வியாபாரம் செய்கிறாரா? சேச்சே. கவலைப்படுகிறார்.

போன வாரம் அவர் கவலைப்பட்டது ஒரு டீச்சருக்காக. உடனே டீச்சரின் கணவருக்குப் போன் போட்டார்.

“சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியந்தான். ஏன்?”

“சும்மாதான். போன வருஷம் பெரிய கட்டில் வாங்கினீங்க. இப்ப அம்மா ஒத்தைக் கட்டில மூணு தடவை பாத்திருக்காங்க. கடைசித் தடவை பதினோரு நிமிஷம். எதா இருந்தாலும் பேசித் தீத்துக்குங்க சார்.”

கட்டில் டீச்சரின் அப்பாவுக்கு. மகன் வீட்டில் ஒத்துவராமல் மகளிடம் வர நினைத்தார். மாமனாரும் மருமகனும் பேசி இரண்டு வருஷமாகிறது. நல்ல நேரம் பார்த்து மெதுவாகச் சொல்லலாம் என்று மூன்று வாரமாகக் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் டீச்சர். அந்த நேரத்தை முதலாளியே பார்த்துக் கொடுத்துவிட்டார். “என்கிட்ட மறைச்சுக் கட்டில் வாங்கற அளவுக்குப் போயிடுச்சா?” என்றார் கணவர். அதோடு அப்பா வரும் பேச்சு முடிந்தது.

டீச்சர் நேரே கடைக்கு வந்தார்.

“அந்தக் கட்டில் அண்ணன் வீட்ல இருக்கற எங்க அப்பாவுக்கு. யாரைக் கேட்டு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்க?”

முதலாளி நிதானமாகக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். “நீங்கதாம்மா ஒத்துக்கிட்டிருக்கீங்க. இங்க பாருங்க, ‘தங்கள் நலன் கருதி, பொருத்தமானவர்களுடன் பகிர்வோம்.’ புருஷனைவிடப் பொருத்தமானவர் யாரு?”

“ஒரு மன்னிப்பாவது கேப்பீங்களா?”

“கண்டிப்பாம்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு... அப்பாவுக்கு முட்டி வலி உண்டா? உயரம் கம்மியா ஒரு கட்டில் வந்திருக்கு. மகன் வீட்ல என்ன தகராறு?”

டீச்சர் படியிறங்கினார். முதலாளி அதையும் குறித்துக்கொண்டார்: நின்றது ஆறு நிமிஷம், வாங்கியது ஒன்றுமில்லை.

அப்பா இன்னும் மகன் வீட்டில்தான், கட்டிய பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

அது போகட்டும். மாமனாரும் மருமகனும் எதற்காகப் பேசுவதில்லை என்று தெரிந்துகொள்ள இவ்வளவு நேரமாக உங்களுக்கும் உள்ளூர அரிக்கிறது, இல்லையா? தப்பில்லை. அக்கறைதான். டீச்சருக்குச் சேர வேண்டிய அந்த ஒரு மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.