பெயர் தெரியாத பாடகரை நீக்கக் கோரி

நடுக்கடலில் மிதந்துகொண்டிருக்கும் மாமாவுக்கு, கரையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கும் அக்கா மகள் வாலு வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் கப்பல் எஞ்சினும் சூடேறாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், உங்கள் இசைத்தட்டுகள் நலம், அவற்றின் மேலுள்ள தூசி மிகவும் நலம். நான்தான் ஓய்ந்துபோய்விட்டேன்.

கப்பலேறும்போது உங்கள் வலைப்பூவை என்னிடம் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு பழைய தட்ட ஏத்திப் போடு, வேற எதுலயும் கை வைக்காத" என்றீர்கள். நான்கு வாரம் ஒழுங்காகத்தான் போட்டேன். எங்கோ இருக்கும் யாரோ கேட்டுவிட்டு "நன்றி" என்று ஒரு வார்த்தை எழுதுவார், அதோடு சரி. ஐந்தாம் வாரம் அலுப்புத் தட்டியது, அப்பா குளியலறையில் பாடுவதைக் கதவுக்கு வெளியே நின்று போனில் பிடித்தேன், அவருக்குத்தான் எந்தப் பாட்டும் முதல் வரிக்கு மேல் தெரியாதே, மெட்டையும் வார்த்தையையும் சொந்தமாகக் கட்டிக்கொண்டே போவார், அதன்மேல் உங்கள் தட்டு ஒன்றில் பாட்டு தொடங்குமுன் வரும் கரகரப்பை வெட்டி ஒட்டி, "பெயர் தெரியாத பாடகர், வெளிவராத தட்டு, உறையை எலி தின்றுவிட்டது" என்று போட்டுவிட்டேன்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. ஒரே நாளில் நாற்பத்தாறு கருத்துகள். 'ஊசிமுனை' என்ற பெயரில் எழுதும் பெரியவர், தட்டு வேகமாகச் சுற்றிச் சுருதி அரைக்கட்டை ஏறியிருக்கிறது, மறுபடி பதிவு செய் என்கிறார். அப்பா வாளியில் மொண்டு ஊற்றியதை ஒருவர் ஜலதரங்கம் என்கிறார், அவர் காதைச் சோதிக்கச் சொல்லி இன்னொருவர் சண்டைக்கு வருகிறார். "என்னிடம் இதைவிடத் தெளிவான பிரதி இருக்கிறது, யாருக்கும் தரமாட்டேன்" என்று எழுதியவரை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அவர் எங்கள் குளியலறையில் எங்கே நின்றிருந்தார்? தட்டின் மறுபக்கம் எப்போது என்று தினமும் கேட்கிறார்கள். குளியலறைக்கு ஏது மாமா மறுபக்கம்?

அதெல்லாம்கூடப் போகட்டும். அந்த இணைப்பு யார் யார் கையோ மாறி அப்பாவின் போனுக்கே வந்துவிட்டது. தன் குரலைப் பதிவில் அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. கண்ணை மூடி மூன்று தடவை கேட்டார். "பாட்டுன்னா இது. நானெல்லாம் இத்தன வருஷமா கத்திக்கிட்டு இருந்திருக்கேன், வெக்கமா இருக்கு" என்றார். ஒன்பது நாளாயிற்று, குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். "இந்த மனுஷன் வாய மூடினா போதும்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டிருந்தேன்டி, இப்ப வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று அம்மா குளியலறைக் கதவில் காது வைத்து நிற்கிறாள். தாங்க முடியாமல் போய், "அப்பா, அது நீங்கதான்" என்றேன். "அப்பனக் கிண்டல் பண்றதுக்கும் ஒரு அளவு வேணும்" என்று எழுந்து போய்விட்டார். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எல்லாப் பொய்யும் விலைபோயிற்று, முதல்முறை சொன்ன உண்மையை வாங்க ஆளில்லை.

எனக்கு ஏற்ற மட்டும்தான் அனுமதி, நீக்கும் கடவுச்சொல் உங்களிடம். அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் முதல் வேலையாக அதை அழித்துவிடுங்கள், அதைக் கேட்பதை நிறுத்தினால்தான் அப்பா மறுபடி பாடுவார். பதினோரு வருடத்தில் உங்கள் வலைப்பூவில் ஒரு தகவல்கூடத் தப்பியதில்லை என்று ஊசிமுனை எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. மன்னித்துவிடுங்கள்.

அலைகள் உங்களை அதிகம் ஆட்டாமல் இருக்கட்டும். அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அப்பா இன்னும் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வாலு
(தற்காலிக நிர்வாகி, நீங்கள் திரும்பியதும் முன்னாள் நிர்வாகி)

பி.கு.: மாமா, அழிக்காதீர்கள்! இதை அனுப்பப் போகும் நேரத்தில் புதிதாக ஒரு கருத்து வந்திருக்கிறது: "நூறு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாம் அடியில் இந்த ஆளுக்கு மூச்சு வாங்குகிறது. இதைவிட நான் நன்றாகப் பாடுவேன்." எழுதியவர் தோளில் துண்டோடு என் அறை வாசலில் நிற்கிறார். "வாலு, உன் போன் மைக்ல தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதில்ல?"