வீரபாண்டியின் கண்ணும் ஐந்து ஏன்களும்

திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே லேசர் செய்துகொண்ட நூறு பேரில் நான்கு பேருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. அதைக் குறைக்கும் பொருட்டு, சிபி என்பவர் தரமேம்பாட்டு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். நான்கு நாள் பயிற்சி முடித்தவர். எந்தக் கோளாறானாலும் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டால் மூலகாரணம் வந்து நிற்கும் என்பது அவர் கற்றுவந்த வித்தை.

முதலில் அகப்பட்டவர் வீரபாண்டி. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்தக் கடையில் எடை போடுகிறவர். லேசர் செய்த மறுநாள் காலை தராசு இரண்டாகத் தெரிய, பயந்துபோய் ஓடிவந்தார்.

டாக்டர் ரெஷ்மா பார்த்தார். "கசக்கியிருக்கீங்க. லேசருக்காகத் திறந்து மூடின மேல் படலம் சுருங்கிட்டுது. இப்பவே நேராக்கினா சரியாயிடும்."

சிபி குறுக்கே வந்தார். "ஆய்வு கழியட்டும் டாக்டர். கோளாறைச் சரியாக்கிட்டா, பின்னே எதை ஆய்வு செய்ய?"

ஆய்வுக் குழு கூடியது. சிபி ஆரம்பித்தார்.

"ஏன் கசக்கினீங்க?"

"அரிச்சுது சார்."

"ஏன் அரிச்சது?"

"மிளகாய்த் தூசி பறக்கும்லா. நேத்து சாயங்காலமே கடைக்குப் போயிட்டேன்."

நர்ஸ் லிபி எழுந்தாள். "சாரே, கண்ணுக்கு மேல ஒட்டுற பிளாஸ்டிக் மூடி ஒரு மாசமா ஸ்டாக் இல்ல. அதுதான் காரணம்."

"சிஸ்டர், இப்போ ரெண்டாவது ஏன்தானே ஆச்சு? மூலகாரணம் அஞ்சாவதிலதான் வரும். இரிக்கு, உட்காருங்க." வீரபாண்டியிடம் திரும்பினார். "ஏன் மிளகாய்க் கடை?"

"எங்க அப்பாவும் அங்கதான் சார் வேலை பார்த்தாவ."

"அவர் ஏன் இங்கே வந்தார்?"

"எங்க தாத்தா ஊரைவிட்டே விரட்டிட்டாவ."

"ஏன்?"

"காதல் கல்யாணம் சார்."

சிபி பேனாவை மூடினார். 'மூலகாரணம்: நோயாளியின் பெற்றோர் காதல் மணம் புரிந்தமை. மேற்படி சம்பவம் ஆஸ்பத்திரி வளாகத்திற்கு வெளியே நிகழ்ந்ததால் இக்கோளாறு ஆஸ்பத்திரிக் கணக்கில் சேராது.'

எல்லோரும் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது, டாக்டர் ரெஷ்மா வீரபாண்டியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். பத்து நிமிடத்தில் படலம் நேரானது. வீரபாண்டி சுவரைப் பார்த்தார். ஒரே ஒரு கடிகாரம். அழுதுவிட்டார்.

"அழாதீங்க, மறுபடி கசக்கத் தோணும்" என்றார் டாக்டர்.

மற்றவர்களுக்கும் இப்படியே மூலகாரணம் வளாகத்துக்கு வெளியே கிடைக்க, அந்த மாதக் கோளாறு பூஜ்யம். சிபிக்கு விருது கிடைத்தது. திருத்த நடவடிக்கையாகப் புதிய படிவமும் வந்தது: 'தங்கள் பெற்றோரின் திருமணம் பெரியோர் நிச்சயித்ததா, காதலா? ஆதாரம் இணைக்கவும்.'

முதல் வாரம் நாற்பது பேர் மளமளவென்று நிரப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் கவுண்டரில் சந்தேகம் கேட்டார்:

"கல்யாண ஆல்பம் ஒரிஜினல் வேணுமா, ஜெராக்ஸ் போதுமா?"