ஏழாம் கேள்வி: என் அம்மாவின் வயது ஆறு

அன்புள்ள தம்பி மோசசிக்கும், அவன் பெயருக்குள்ளேயே குடியிருக்கும் என் அத்தைக்கும் அக்கா லீத்தியா எழுதுவது.

இங்கே வடகோடிப் பனியில் எல்லோரும் சுகம். பனிவண்டியின் பெல்ட் மட்டும் அறுந்து கிடக்கிறது. அங்கே ஒட்டாவாவில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது, என் மகள் கீலாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா, நான் கொடுத்தனுப்பிய உலர்ந்த மீனை அவளுக்குக் கொடுத்தாயா அல்லது நீயே தின்று தீர்த்துவிட்டாயா என்று உடனே தெரிவிக்கவும். இந்தக் கடிதத்தில் திட்டு வரும் இடங்களைத் தம்பியாக இருந்து படித்துக்கொள். உதவி கேட்கும் இடங்களை அத்தையாக இருந்து படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் திட்டு. பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், "இங்கேயே இருந்துடு கீலா, என் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்று சொன்னாயாமே? உன்னை யார் கேட்டது? நம் ஊரில் பிரசவம் பார்க்க வசதி இல்லை, ஒரு மாதம் முன்னாலேயே விமானம் ஏற்றி அனுப்புகிறார்கள், அது போதாதா? அவள் அங்கேயே தங்கினால் மாப்பிள்ளை ஜுத்தானியும் போவான், பிள்ளைகளும் போவார்கள். பிள்ளைகள் என்றால் யார் யார்? மூத்தவள் உலாயு, என் அம்மா, வயது ஆறு. அடுத்தவன் குனுக், என் மாமனார், வயது நாலு. கடைக்குட்டி சக்கியாசி, என் புருஷன், வயது ரெண்டு, இன்னும் படுக்கையை நனைக்கிறார். நம் வழக்கத்தில் செத்தவர் பெயரை வைத்த பிள்ளை அந்த ஆளேதான் என்பதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, அத்தை செத்த ஆறாம் நாள் பிறந்து அவள் பெயரைத் தட்டிக்கொண்டு போனவன் நீ. மூன்று பேரையும் ஒருமுறை மண்ணில் வைத்து அழுது முடித்தவள் நான். திரும்பி வந்தவர்களை மறுபடி ஒரே விமானத்தில் ஏற்றி அனுப்பச் சொல்கிறாயே, உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா தம்பி?

கீலா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ரெண்டு படுக்கையறையில் பதினோரு பேர். நான், கீலா, ஜுத்தானி, இவர்கள் மூவர், என் மகன் அக்பிக், அவன் பெண்டாட்டி, அவர்கள் ரெண்டு பிள்ளைகள், தண்ணீர் லாரி ஓட்டும் இமோனா. தூங்குவதே முறை வைத்துத்தான். இமோனா ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவன் முகம் கழுவத் தொட்டியில் தண்ணீர் இருக்காது. "பச்சைக் குழந்தையோட இதுக்குள்ள எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கீலா விமானம் ஏறினாள். அதனால்தான், போன கோடையில் கப்பலில் வந்த சாமான்களை வைத்துக் கட்டி முடித்த அந்த மூன்று படுக்கையறை வீட்டுக்கு நான் விண்ணப்பம் போட்டேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

விண்ணப்பத்தில் ஏழாம் கேள்வி, வீட்டில் வசிப்பவர்களின் பெயர், வயது, உங்களுக்கு என்ன உறவு. நான் பொய் எழுதுகிறவளா? உலாயு, ஆறு, அம்மா. குனுக், நாலு, மாமனார். சக்கியாசி, ரெண்டு, கணவர். அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தெற்கே எந்த அலுவலகத்தில் எந்தப் புண்ணியவான் அதைப் பிரித்தானோ தெரியாது, கிழவி அவசரத்தில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டாள் என்று பரிதாபப்பட்டு, அவனே திருத்திவிட்டான். அம்மாவுக்கு எண்பத்தாறு, மாமனாருக்கு எண்பத்துநாலு, புருஷனுக்கு எண்பத்திரண்டு. அறுபத்தொரு வயதில் எனக்கு எண்பத்திரண்டு வயது புருஷன். போதாததற்கு மாமனாருக்கும் புருஷனுக்கும் ரெண்டே வயது வித்தியாசம். அதையாவது யோசித்தானா? யோசிக்கவில்லை. மார்ச் மாத விமானத்தில் மூன்று முதியோர்களுக்கு என்று, பிடித்துக்கொண்டு நடக்க மூன்று வாக்கர் வந்து இறங்கின. அன்றைக்குக் கூட்டுறவுக் கடைக்கு வரவேண்டிய முட்டைக்கோஸ், இடமில்லை என்று வரவில்லை, ஊரே என்னை முறைத்தது. வாக்கர்களை என்ன செய்வது? அம்மா ஒன்றைப் பிடித்துக்கொண்டு உறைந்த கடல்மேல் சறுக்கக் கற்றுக்கொண்டாள். மற்ற ரெண்டையும் மாமனார் எடுத்துப்போய் ஹாக்கிக்குக் கோல்கம்பமாக நட்டுவிட்டார்.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. மூன்று முதியவர்களைப் பராமரிக்கும் எனக்கு முதியோர் புள்ளிகள் சேர்ந்து வீடு ஏறக்குறைய உறுதி, ஆனால் மூவரும் வருடக்கணக்காக மருத்துவரையே பார்க்காதது கவலை தருகிறது, ஆகவே ஓர் அதிகாரி நேரில் வந்து முதியவர்களின் உடல்நிலையைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்வார். நீ சிரிக்காதே.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தார் டன்ஸ்டன் என்று ஒரு பையன். முப்பது வயதுகூட இருக்காது. மெல்லிசாக ஒரு கறுப்பு பூட்ஸ், அதைப் பார்த்ததும் எனக்கே கால் விறைத்தது. அவர் இறங்கிய ஒரு மணி நேரத்தில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஹோட்டலுக்குப் போனால் அறை இல்லை. ஏன் இல்லை? நம் ஊரில் வீட்டு நெருக்கடி பற்றிக் கருத்துக் கேட்க ஒன்பது அதிகாரிகள் வந்து, ஓர் அறைக்கு மூன்று பேராகப் படுத்திருக்கிறார்கள். இடநெருக்கடி தாங்க முடியவில்லை என்று அவர்களில் ஒருவர் வரவேற்பறையில் அழுதாராம். பாவம், இந்தப் பையன் பையும் கையுமாக என் வாசலில் வந்து நின்றான். வா என்று கூப்பிட்டுச் சமையலறை மேசைக்குக் கீழே படுக்கை போட்டேன், வீட்டில் மீதியிருந்த இடம் அது ஒன்றுதான்.

உட்கார்ந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஜுத்தானியிடம், "நீங்க இங்கேதான் இருக்கீங்களா?" என்றார். மாப்பிள்ளை புருவத்தைத் தூக்கினான். இவர் காத்திருந்து பார்த்துவிட்டு "பதில் இல்லை" என்று எழுதினார். "வீடு போதுமான அளவுக்கு இருக்கா?" என்று அக்பிக்கைக் கேட்டார். அவன் மூக்கைச் சுருக்கினான். அதற்கும் "பதில் இல்லை". ஒன்பது கேள்விக்கு ஒன்பது பதில் இல்லை எழுதிய பிறகுதான் எனக்கு விளங்கி, ஐயா, புருவம் தூக்கினால் ஆமாம், மூக்கு சுருங்கினால் இல்லை, எல்லோரும் வாய் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். மனுஷன் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நல்ல பிள்ளைதான், குறை சொல்லக்கூடாது. தரையில் அட்டை விரித்து உறைந்த மீனை வெட்டி வைத்தபோது மறுக்காமல் தின்றார், கண்ணில் தண்ணீர் வரத் தின்றார்.

செவ்வாய்க்கிழமை முதியவர்களைப் பார்க்கவேண்டும் என்றார். நான் மூவரையும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். புருஷன் டன்ஸ்டன் மடியில் ஏறி உட்கார்ந்து அதை நனைத்தார். இவர்கள் எப்படி அம்மா, மாமனார், புருஷன் என்று நான் விளக்கினேன். டன்ஸ்டன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: "எனக்குப் புரியுதுங்க. ஆனா கம்ப்யூட்டருக்குப் புரியாது. அம்மாங்கிறதை அடிச்சிட்டுப் பேத்தின்னு எழுதிக் கொடுங்க. ஒரே ஒரு வார்த்தைதானே."

ஒரே ஒரு வார்த்தைதானாம். பேனாவைக் கையில் வாங்கினேன் அத்தை, திருப்பி மேசையில் வைத்துவிட்டேன். எழுதாவிட்டால் வீடு இல்லை, வீடு இல்லாவிட்டால் கீலா இல்லை, இவர்களும் இல்லை. எழுதினால் பெற்றவளை இன்னாரென்று தெரியாத மாதிரி மறுக்கிறேன். அவள் மனசு நொந்து மறுபடி நோயில் விழுந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? அத்தனை பேர் முன்னால் அழுதேவிட்டேன். அம்மா, வாயில் உலர்ந்த மீனோடு, முன்பல் ரெண்டும் விழுந்த வாயோடு, என் பக்கத்தில் வந்து நின்று காகிதத்தைப் பார்த்தாள்.

"அழாத மகளே," என்றாள். "காகிதத்துல நான் பேத்தியா இருந்துட்டுப் போறேன். வீட்டுல அம்மாவாவே இருக்கேன். நீ எழுது."

நான் மாமனாரைப் பார்த்தேன்.

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றாள் அம்மா. "உன் புருஷனை நீயே சமாளிச்சுக்கோ."

எழுதினேன். மூன்று வரியையும் எழுதிவிட்டு முகம் கழுவப் போனால் தொட்டியில் தண்ணீர் இல்லை. நான் திரும்பி வருவதற்குள் டன்ஸ்டன் புள்ளிகளைக் கூட்டி முடித்து முகம் சுண்டி உட்கார்ந்திருந்தார். முதியோர் புள்ளி போனதால் இனி நெரிசல் புள்ளி மட்டும்தான், அதற்குப் பன்னிரண்டு பேர் வேண்டும், நாங்கள் பதினோரு பேர். கீலா வயிற்றில் இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறக்காதது கணக்கில் வராதாம். இன்னும் மூன்று வாரம் பொறுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை கடைசியாம். யார்தான் கணக்கில் வருவார்கள் என்று ஜுத்தானி கேட்டான். டன்ஸ்டன் விதிப்புத்தகத்தைப் புரட்டி, தொடர்ந்து மூன்று இரவு அந்த வீட்டில் படுத்தவர் எவரும் அந்த வீட்டார்தான் என்று வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் தான் என்ன வாசித்தோம் என்று அவருக்கே உறைத்தது. எல்லோரும் மேசைக்குக் கீழே இருந்த படுக்கையைப் பார்த்தோம். திங்கள் ஓர் இரவு. செவ்வாய் ரெண்டாவது.

நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு இந்த வீடு புயல் ஓயக்கூடாது என்று பிரார்த்தனை செய்தது. பலிக்கவில்லை. புதன் காலையில் வானம் பளிச்சென்று விடிந்தது. பதினோரு மணிக்கு விமானம் என்று அறிவித்துவிட்டார்கள். டன்ஸ்டன் பையைக் கட்டினார். பூட்ஸைக் காணோம். நாங்கள் எல்லோரும் தேடினோம், மனசாரத் தேடினோம், மெதுவாகத் தேடினோம். அவர் தவித்த தவிப்பைப் பார்த்து எனக்கே இரக்கம் வந்து, ஊர் வானொலிக்கு போன் போட்டுச் சொன்னேன்: கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி, மெல்லிசு, நம் குளிருக்கு லாயக்கில்லாதது, கண்டவர்கள் லீத்தியா வீட்டில் கொடுக்கவும். அது நான் செய்த பிசகு. நம் ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே, ஒருத்தன் செருப்பில்லாமல் நிற்கிறான் என்று கேட்டால் பொறுப்பார்களா? அரை மணி நேரத்தில் வாசலில் ஏழு ஜோடி பூட்ஸ். கூட்டுறவுக் கடைக்காரர் சிமியுனி கொண்டுவந்த கடல்நாய்த்தோல் ஜோடி அளவெடுத்த மாதிரி அவர் காலுக்குப் பொருந்தித் தொலைத்தது.

எழுந்து நின்றவர், காலையிலிருந்து அம்மா மூலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். ரொட்டிக்குக் கூப்பிட்டும் எழவில்லை, விளையாடக் கூப்பிட்டும் எழவில்லை, அங்கியை நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பூட்ஸ் நுனி. டன்ஸ்டன் அதைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்து, கடல்நாய்த்தோல் பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமா என்று என்னைக் கேட்டார். விமானம் தலைக்குமேல் போகும் சத்தம் கேட்டது. அன்றிரவு அம்மா தன் போர்வையை எடுத்துக்கொண்டு போய் மேசைக்குக் கீழே அவருக்குப் போர்த்திவிட்டாள்.

வியாழக்கிழமை அவர் போனார். வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. பன்னிரண்டு பேர், புள்ளி போதும், வீடு உண்டு. நான் சமையலறையிலேயே ஆடினேன், முழங்காலைப் பார்க்காமல் ஆடினேன். ஆகவே அத்தை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த சும்மா கிடக்கும் அறையைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிடுங்கள். குழந்தை பிறந்து பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே கீலாவை விமானம் ஏற்றி அனுப்புங்கள். கையில் ஒரு முட்டைக்கோஸும் கொடுத்தனுப்புங்கள், ஊர் என்னை மன்னிக்கட்டும்.

உன் வலையில் மீன் வற்றாமல், உன் கெட்டிலில் டீ ஆறாமல், பட்டணத்துக் காற்று உன் மூளைக்கு ஏறாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மாமனார் ஹாக்கியில் ஜெயித்ததாகச் சொல்லச் சொன்னார். புருஷன் தூங்குகிறார்.

உன் அக்காவும் உங்கள் மருமகளுமான
லீத்தியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் வாசலில் டன்ஸ்டன், கையில் சாவி, தொங்கிய முகம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. நம் ஊரிலிருந்து போகும் விண்ணப்பங்களில் பாதிக்குமேல் ஆறு வயது அம்மாக்கள் இருப்பதால், அவற்றைத் திருத்த ஓர் அதிகாரி இங்கேயே குடியிருக்கவேண்டும் என்று மேலே முடிவாகிவிட்டதாம். அந்த அதிகாரி இவர்தான். அதிகாரிக்கு வீடு தரவேண்டும் என்பது விதி. ஊரில் காலியாக இருப்பது ஒரே வீடு, எனக்கு உத்தரவான அதே வீடு. மூன்று படுக்கையறையும் ஒற்றை ஆளுக்கு. நான் வாயில் வந்ததைச் சொன்னேன், அதைக் கடிதத்தில் எழுத முடியாது. அவர் தலை நிமிரவேயில்லை. அம்மாதான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். அதிகாரிகளின் வீட்டு விண்ணப்பத்திலும் அதே ஏழாம் கேள்வி இருக்கிறது. அதில் "தனியாள்" என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னாள். "என் பேரை எழுது. கீலா, ஜுத்தானி, எல்லாரையும் எழுது," என்றாள். உறவு என்று என்ன போடுவது என்று இவர் மெல்லக் கேட்டார்.

"போர்வை போத்திவிட்டது யாரு?" என்றாள் அம்மா.

எழுதினார். உலாயு, வயது ஆறு, அம்மா. மற்றவர்களையும் அவள் சொன்னபடியே முறை சொல்லி எழுதினார். ஆகவே கீலா கட்டாயம் வரவேண்டும், அவளுக்கு ஓர் அறை டன்ஸ்டன் வீட்டில் தயார். விண்ணப்பத்தின் கடைசியில் "மேற்கண்ட உறவுகள் உண்மைதானா?" என்று ஒரு கேள்வி, அதைச் சரிபார்க்கும் அதிகாரியின் கையெழுத்துக்கு ஓர் இடம். இந்த ஊருக்கு இனி அந்த அதிகாரியும் இவர்தான். அம்மாவைப் பார்த்தார், வாயைத் திறக்காமல் ரெண்டு புருவத்தையும் தூக்கினார், கையெழுத்துப் போட்டார்.